பச்சிளங் குழந்தையின் மார்புக்கூடு

பிறந்து சில நாட்களே ஆன குழந்தை ஒன்று மல்லாந்து உறங்கும்போது, அதன் மேல் துணியைச் சற்று விலக்கி ஒரு நிமிட நேரம் உற்றுப் பாருங்கள். நாம் மூச்சை இழுக்கும்போது நம் மார்பு விரிகிறது. குழந்தையின் மார்போ அவ்வளவாக அசைவதில்லை. வயிறுதான் உப்பி உப்பித் தாழ்கிறது. சில சமயங்களில் வயிறு உப்பும் அதே கணத்தில் விலாவின் கீழ்ப்பகுதி இலேசாக உள்ளே அமுங்குவதும் உண்டு. காற்று உள்ளே செல்லும்போது மார்பு விரிவதுதானே முறை? இங்கு அது அமுங்குகிறதே! இது இயல்பா, நோயா?

முதற் குழந்தையைப் பெற்றவர்களுக்கு இதைப் போன்ற ஐயங்கள் வேறு சிலவும் எழும். நெஞ்சுக்குழியில் எலும்பு நுனி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. கீழ் விலாக்கள் வெளிப்புறமாக விரிந்து தெரிகின்றன. நடுமார்பு சற்றே குழிந்திருக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை அஞ்ச வேண்டியவை அல்ல. ஆனால் ஒரே ஒரு மாற்றம், உயிருக்கு ஆபத்து என்று உரக்கச் சொல்லும் எச்சரிக்கை. எது அச்சத்துக்குரியது, எது அல்ல என்று பிரித்தறிய, பள்ளியில் படித்த அழுத்தம், கோணம், நெகிழ்ச்சி ஆகியவற்றின் அறிவே பெருமளவு உதவுகிறது.

எலும்பும் குருத்தும்

மனிதனுக்கு 12 இணை விலா எலும்புகள். எல்லாம் பின்புறத்தில் முதுகெலும்போடு இணைந்தவை. முன்புறத்தில் மேல் 7 இணைகள் தத்தம் குருத்தெலும்பின் வழியே மார்பெலும்பைச் சேர்கின்றன. அடுத்த 3 இணைகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றிக்கொள்கின்றன. கடைசி 2 இணைகள் முன்புறத்தில் எதையும் தொடாமல் நிற்கின்றன.

வளர்ந்தவர்களிடம் இந்த அமைப்பு உறுதியான கூடை போன்றது. பச்சிளங் குழந்தையிடம் இதில் பெரும்பங்கு குருத்தெலும்பே. மார்பெலும்புகூட இன்னும் ஒரே எலும்பாகவில்லை. தனித்தனித் துண்டுகளாக உள்ளது. நெஞ்சுக்குழியில் துருத்தி நின்று தாயை அச்சுறுத்தும் அந்த நுனி, மார்பெலும்பின் கடைசித் துண்டுதான். குழந்தைக்குச் சதை பிடிக்கப் பிடிக்க அது மறைந்துவிடும்.

கூடு இவ்வளவு மென்மையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிறப்புவழியின் நெருக்கடியில் நசுங்கி, மீண்டும் விரிய வேண்டிய கூடு அது. அடுத்த சில ஆண்டுகளில் விரைந்து வளரவும் வேண்டும். ஆனால் நெகிழ்ச்சி இலவசமாகக் கிடைப்பதில்லை. அதற்கான விலையைக் குழந்தை ஒவ்வொரு மூச்சிலும் செலுத்துகிறது.

வாளியின் கைப்பிடி

கூட்டின் வடிவமும் நம்முடையதைப் போன்றதன்று. நம் மார்பைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாகக் கற்பனை செய்தால், பக்கவாட்டில் அகன்ற நீள்வட்டம் கிடைக்கும். குழந்தையின் மார்பு ஏறக்குறைய வட்டமானது. நம் விலாக்கள் முதுகிலிருந்து முன்னோக்கிச் சரிந்து இறங்குகின்றன. குழந்தையின் விலாக்கள் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகக் கிடக்கின்றன. இது மிக முக்கியமான வேறுபாடு.

வாளியின் கைப்பிடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும் கைப்பிடியைத் தூக்கினால், கிடைமட்டத்தை அடையும் வரை அது வாளியை விட்டு வெளிப்புறமாக விலகிச் செல்லும். நம் விலாக்களும் மூச்சை இழுக்கும்போது இவ்வாறே உயர்ந்து, மார்பின் கொள்ளளவைப் பெருக்குகின்றன. கைப்பிடி முன்பே கிடைமட்டமாக இருந்தால்? மேலும் தூக்குவதால் அது விலகாது, உட்புறமாகவே திரும்பும்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். சரிந்த விலா ஒன்று முன்புறமாக எட்டும் தூரம், சரிவுக் கோணத்தின் கோசைன் மதிப்பைப் பொறுத்தது. உதாரணமாக 30 பாகைச் சரிவை 20 பாகையாக உயர்த்தினால், கோசைன் 0.87இலிருந்து 0.94 ஆகிறது, ஏறக்குறைய 8 சதவீத ஆதாயம். சரிவு முதலிலேயே 5 பாகைதான் என்றால், கோசைன் 0.996. இனி எவ்வளவு உயர்த்தினாலும் கிடைக்கும் ஆதாயம் அரை சதவீதம்கூட இல்லை.

ஆகவே விலாவைத் தூக்கி மூச்சு விடும் வழி குழந்தைக்கு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. எஞ்சியிருப்பது உதரவிதானம் என்னும் தசைத்திரை ஒன்றே. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள இத்திரை கீழே இறங்கும்போது குடல் முதலியவற்றை அழுத்துகிறது. அதனால்தான் வயிறு உப்புகிறது. வயிற்றைச் சுற்றி இறுக்கக் கட்டிய துணி, குழந்தையின் மூச்சுக்கே நேரடித் தடை என்பது இதனால் விளங்கும்.

3 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு மூச்சில் இழுக்கும் காற்று சுமார் 20 மில்லிலிட்டர். வளர்ந்தவர் இழுப்பதோ சுமார் 500 மில்லிலிட்டர். ஆனால் எடைக்கு எடை பார்த்தால், குழந்தைக்கு நம்மைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஆக்சிஜன் வேண்டும். மூச்சின் ஆழத்தை அதிகம் கூட்ட வழியில்லாததால், அது எண்ணிக்கையைக் கூட்டுகிறது. நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை விடுகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை

மென்மையான கூடு ஏன் உள்ளே அமுங்குகிறது என்பதை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கெட்டியான பிளாஸ்டிக் புட்டி ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டி நீக்குங்கள். பலமுறை ஊதித் தளர்ந்த பலூன் ஒன்றைப் புட்டிக்குள் தொங்கவிட்டு, அதன் வாயைப் புட்டியின் வாயில் மாட்டுங்கள். வெட்டிய அடிப்பாகத்தை மற்றொரு பலூனிலிருந்து வெட்டிய ரப்பரால் காற்றுப் புகாமல் மூடிக் கட்டுங்கள். இனி அடி ரப்பரைக் கீழே இழுத்தால், புட்டிக்குள் காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று பலூனுக்குள் புகுந்து அதை விரிக்கிறது. புட்டி மார்புக்கூடு, பலூன் நுரையீரல், அடி ரப்பர் உதரவிதானம்.

இதே அமைப்பை, கையால் அழுத்தினாலே நசுங்கும் மெல்லிய குடிநீர்ப் புட்டியில் செய்யுங்கள். ரப்பரை இழுத்தால் பலூன் விரியும். ஆனால் புட்டியின் சுவரும் சிறிது உள்ளே குழியும். நீங்கள் இழுத்த இழுப்பில் ஒரு பகுதி காற்றை இழுப்பதற்குப் பதிலாகச் சுவரை இழுப்பதில் வீணாகிவிட்டது.

மூன்றாவதாக, அதே மெல்லிய புட்டியில் தளர்ந்த பலூனை எடுத்துவிட்டு, ஒருமுறைகூட ஊதாத தடித்த பலூனை மாட்டுங்கள். இப்போது பலூன் எளிதில் விரியாது. இன்னும் பலமாக இழுக்க வேண்டும். பலமாக இழுக்க இழுக்க, சுவர் ஆழமாகக் குழிவதைக் காண்பீர்கள்.

இக்கட்டுரையின் சாரம் இந்த மூன்றாவது சோதனையில் இருக்கிறது. சுவரின் குழிவு, உள்ளே அழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்தே காட்டிவிடுகிறது. மென்மையாக இருப்பதாலேயே குழந்தையின் மார்புச்சுவர் ஓர் அழுத்தமானியாகவும் ஆகிவிடுகிறது. வளர்ந்தவரின் உறுதியான கூடு இந்தச் செய்தியை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை.

பிறந்த குழந்தையின் மார்புச்சுவர், அதன் நுரையீரலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நெகிழ்வுடையது. மேலும், குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி நேரம், இமைகளுக்குள் கண்மணிகள் உருளும் சலனத் தூக்கமாகக் கழிகிறது. அப்போது விலாக்களுக்கிடையே உள்ள தசைகள் தளர்ந்துவிடுவதால், சுவரைத் தாங்கிப் பிடிப்பார் இல்லை. நலமாக உள்ள பச்சிளங் குழந்தையின் விலா, உறக்கத்தில் இலேசாக அமுங்குவதன் காரணம் இதுவே. அது நோயன்று.

முனகலின் பொருள்

இவ்வளவு மென்மையான கூட்டுக்கு மற்றோர் இடரும் உண்டு. நுரையீரல் இயல்பாகவே சுருங்க முயலும் பொருள். அதைச் சுருங்கவிடாமல் வெளியே இழுத்துப் பிடிப்பது மார்புக்கூடு. நெகிழ்ந்த கூட்டால் இதைச் சரிவரச் செய்ய முடிவதில்லை. மூச்சை முழுவதும் விட்டுவிட்டால் நுரையீரலின் சிற்றறைகள் சில மூடிக்கொள்ளும்.

இதற்குக் குழந்தை அழகான உத்தியொன்றைக் கையாளுகிறது. மூச்சு முழுவதும் வெளியேறும் முன்பே குரல்வளையைச் சற்றுக் குறுக்கித் தடை போடுகிறது. அடுத்த மூச்சையும் விரைந்து தொடங்கிவிடுகிறது. இதனால் நுரையீரலில் எப்போதும் சிறிது காற்று தங்குகிறது. நோயுற்ற குழந்தை இத்தடையை இன்னும் பலமாகப் போடும்போது, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ‘ம்… ம்…’ என்ற முனகல் கேட்கும். இந்த முனகல் வெறும் அழுகையன்று; மூடப் பார்க்கும் சிற்றறைகளைத் திறந்து வைக்கக் குழந்தை நடத்தும் போராட்டம்.

குறைமாதக் குழந்தைகளிடம் இந்தப் போராட்டம் மிகக் கடுமையானது. அவர்களது கூடு இன்னும் மென்மையானது. நுரையீரலோ, சிற்றறைகளின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள் போதாமல் விறைத்தது. 1971இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஜார்ஜ் கிரிகரி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், இத்தகைய குழந்தைகளின் மூச்சுவழியில் சிறிதளவு காற்றழுத்தத்தை இடைவிடாமல் நிலைநிறுத்தும் முறையை வெளியிட்டனர். குழந்தை முனகலால் செய்ய முயன்றதைக் கருவியால் செய்து கொடுத்தார்கள் எனலாம். இன்று குறைமாதக் குழந்தைகளுக்கான மருத்துவப் பிரிவுகளில் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது.

அழுத்தமானியைப் படித்தவர்கள்

நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியில் சிற்றறைகள் சீழும் நீருமாக நிரம்பி, நுரையீரல் விறைத்துப் போகிறது. நம் சோதனையில் மாட்டிய தடித்த பலூனைப் போன்ற நிலை. உதரவிதானம் பல மடங்கு பலத்தோடு இழுக்கிறது. விலாவின் கீழ்ப்பகுதி ஒவ்வொரு மூச்சிலும் ஆழமாக உள்ளே போகிறது. ‘விலாவில் குழி விழுகிறது’ என்று தாய்மார் சொல்வது இதைத்தான்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய 7 லட்சத்து 40 ஆயிரம் பேர் நிமோனியாவால் இறந்தனர். இவர்களில் பலர் எக்ஸ் கதிர்க் கருவியோ மருத்துவரோ எளிதில் கிட்டாத இடங்களில் வாழ்ந்தவர்கள். கருவியில்லாமல் இந்நோயைக் கண்டறிவது எப்படி?

1980களின் தொடக்கத்தில், பாப்புவா நியூ கினியாவின் மலைப்பகுதியிலுள்ள கோரோக்கா என்ற ஊரில் ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர் இக்கேள்வியை ஆராய்ந்தார். இருமலோடு வரும் குழந்தையின் மூச்சை எண்ணுவதும், மார்பு உள்ளே இழுபடுகிறதா என்று பார்ப்பதும், கிராமச் சுகாதாரப் பணியாளர்கூடச் செய்யக்கூடிய நம்பத்தக்க சோதனைகள் என அவரும் அவருடைய குழுவினரும் 1984இல் எடுத்துக்காட்டினர். நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்களும் இதே எளிய அடையாளங்களை ஆராய்ந்து, 1988இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில் உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த அளவுகளை எவரும் மனத்தில் கொள்ளலாம்.

2 மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ, 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50 முறையோ அதற்கு மேலோ, 1 முதல் 5 வயதுக்குள் 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு. அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். சின்னஞ்சிறு குழந்தையின் மூச்சு சீராக இராது. சில விநாடிகள் நின்று பின் விரைவதும் இயல்பு. ஆதலால் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது தவறான விடை தரும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுமுறையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மார்புக்குழிவைப் பார்க்கவும் முறை உண்டு. குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும் வேளையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் அவ்வாறே நிகழ வேண்டும். அழும்போதோ பால் குடிக்கும்போதோ மட்டும் தெரிவது கணக்கில்லை. மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தையிடம் இலேசான அமுக்கம் இயல்பென்று மேலே கண்டோம். அவ்வயதில் ஆழமாகவும் எவர் கண்ணுக்கும் எளிதாகவும் தெரியும் குழிவே நோயின் அடையாளம்.

வேகமான மூச்சோ, இத்தகைய குழிவோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முனகல், உதடு நீலித்தல், பால் குடிக்க இயலாமை, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கலாகாது. நெஞ்சில் தைலம் தடவிக்கொண்டோ, சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டோ கழிக்கும் இரவு, திரும்பக் கிடைக்காத இரவாகிவிடக் கூடும்.

அசையாத வடிவங்கள்

இனி, மூச்சோடு அசையாமல் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் வடிவ மாறுபாடுகளைப் பார்ப்போம். சிலருக்கு விலா ஒன்று முன்புறத்தில் இரண்டாகக் கிளைத்திருக்கும். சிலருக்குக் கழுத்தெலும்பிலிருந்து கூடுதலாக ஒரு விலா முளைத்திருக்கும். இவற்றை உடையவர்களில் பலர், வேறு காரணத்துக்காக எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் வரை அறியாமலேயே வாழ்கிறார்கள். கைக்குழந்தையின் கீழ் விலாக்கள் விரிந்து தெரிவதும், பெரும்பாலும் வயிறு பெரிதாகவும் வயிற்றுத் தசைகள் வலுவின்றியும் இருப்பதன் விளைவே.

நடுமார்பு நிலையாகக் குழிந்திருப்பது சில நூறு பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொல்லை தராது. குழிவு மிகுந்தவர்களுக்கு வளரும் பருவத்தில் சிகிச்சை தேவைப்படலாம். 1987இல் அமெரிக்காவில் டொனால்ட் நஸ் என்ற அறுவை மருத்துவர், குருத்தெலும்பை வெட்டி நீக்காமல், வளைந்த உலோகப் பட்டையை மார்பெலும்பின் பின்னே செலுத்திக் குழிவை நிமிர்த்தும் முறையைக் கையாண்டார். இளம் விலாக்களின் நெகிழ்ச்சியே இம்முறைக்குக் கைகொடுக்கிறது.

இத்தகைய வடிவங்களை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி வைப்பது நல்லது. ஆனால் பதற்றம் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது நெஞ்சை அழுத்தி உருவினால் வடிவம் சரியாகும் என்பதற்கு ஆதாரமில்லை. மென்மையான விலாக்களை அழுத்துவதால் தீமை நேரலாம்.

குழி நிலைத்துவிடும்போது

அசையும் குழிவே அசையாத வடிவமாக உறைந்துவிடும் நிலையும் ஒன்று உண்டு. அதுதான் ரிக்கெட்ஸ் நோய். வைட்டமின் டி குறையும்போது வளரும் எலும்பில் கால்சியம் படிவதில்லை. எலும்பு வளைந்து கொடுக்கிறது. உதரவிதானம் விலாக்களில் இணைந்துள்ள கோட்டில், மாதக்கணக்கில், நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை இழுக்கிறது. அந்த இழுப்பின் தடம் மார்பின் கீழ்ப்பகுதியில் குறுக்கே ஓடும் பள்ளமாகப் பதிந்துவிடுகிறது. இதற்கு ஹாரிசன் பள்ளம் என்று பெயர். விலாவும் குருத்தெலும்பும் சேரும் இடங்கள் பருத்து, மார்பின் இருபுறமும் மணிக்கோவை போல வரிசையாகத் தெரிவதும் இந்நோயின் அடையாளம்.

1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், புற ஊதாக் கதிர் வீசும் பாதரச விளக்கொளியில் ரிக்கெட்ஸ் நோயுற்ற குழந்தைகளை வைத்து, அவர்களுடைய எலும்புகள் மீண்டும் உறுதிப்படுவதை எக்ஸ் கதிர்ப் படங்களால் மெய்ப்பித்தார். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களைக் கொண்டே நம் தோல் வைட்டமின் டியை உண்டாக்குகிறது. ஆனால் வெயில் மிகுந்த நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது. வீட்டுக்குள்ளேயே வளரும் குழந்தைக்கு அந்த ஒளி கிட்டுவதில்லை. தாய்ப்பாலிலும் வைட்டமின் டி மிகக் குறைவு. ஆதலால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் முதல் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கப் பரிந்துரைக்கிறார்கள்.

கூடு உறுதிப்படுகிறது

உட்காரவும் நிற்கவும் குழந்தை பழகும்போது, புவியீர்ப்பு வயிற்று உறுப்புகளைக் கீழே இழுக்கிறது. அவற்றோடு விலாக்களின் முன்முனைகளும் தாழ்கின்றன. கிடைமட்டமாயிருந்த விலாக்கள் சரியத் தொடங்குகின்றன. வட்டமான மார்பு நீள்வட்டமாகிறது. குருத்து எலும்பாகிறது, தசைகள் வலுப்பெறுகின்றன. வாளியின் கைப்பிடி இனி தூக்கத் தூக்க விலகும். 2 வயதை எட்டுவதற்குள் மார்புச்சுவரின் விறைப்பு, பெரியவர்களிடம் உள்ளதைப் போலவே, நுரையீரலின் விறைப்புக்கு ஏறக்குறையச் சமமாகிறது.

வளர்ச்சியைச் சாதாரண அளவு நாடாவாலேயே அறியலாம். பிறந்தபோது தலையின் சுற்றளவு மார்பின் சுற்றளவைவிட ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அதிகம். முதல் பிறந்த நாளை ஒட்டி இரண்டும் சமமாகின்றன. பின்னர் மார்பு முந்திக்கொள்கிறது.

அதுவரை அந்த மென்மையான சுவர், உள்ளே நடப்பதை ஒளிக்காமல் காட்டிக்கொண்டே இருக்கும். அசையாத வடிவத்துக்கு அவசரமில்லை; மூச்சோடு ஆழ்ந்து குழியும் மார்புக்கு அவசரம் உண்டு. இருமும் குழந்தையின் சட்டையை மேலே தூக்கி, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பாருங்கள். செலவு எதுவும் இல்லாத அந்த ஒரு நிமிடம், ஓர் உயிரைக் காக்கக் கூடும்.